சுவரைப் பார்த்து நிற்கச் சொல்பவள்

குணேஸ்வரி ஓர் உறையை ஒட்டினாள் என்றால் அதோடு விடமாட்டாள். மடிப்பின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போடுவாள். கையெழுத்தின் மேல் டேப் ஒட்டுவாள். பிறகு உறையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்ளே இருக்கும் எழுத்து நிழலாகத் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். தெரிந்தால் போயிற்று, உறைக்கு இன்னோர் உறை.

வயது முப்பத்தாறு. பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. அறையில் மேசை நாற்காலியைவிட ஒயர்தான் அதிகம். அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். மகள் டாக்டராகப் போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மகளோ ஸ்குரூ டிரைவரும் கையுமாகப் பழைய டட்சன் காரில் கிள்ளான், காப்பார் என்று ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறாள். "கம்ப்யூட்டர் ரிப்பேரா செய்யிறே?" என்று யாராவது கேட்டுவிட்டால் மூக்கு சிவந்துவிடும்.

"ரிப்பேர் இல்ல ஆன்டி. இந்தக் கம்ப்யூட்டருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் பேசி முடிக்கிறேன். நடுவுல எவனும் பூந்து கோள் மூட்டாம பாத்துக்கணும். அதான் லா என் வேல."

கிள்ளானுக்கு அப்பால் மேருவில் பால்மாவுக் கிடங்கு வைத்திருக்கும் மீனாட்சிசுந்தரம் செட்டியார் அவளைக் கூப்பிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. கிடங்கில் இராஜம்மா பதினொரு வருஷமாக ஸ்டோர் கிளார்க். முதலாளியின் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசிலிருந்து ஃபேக்ஸ் வரும். இங்கே லோரியில் சரக்கு ஏறும். ஒரு நாள், நானூறு பெட்டி ஏற்றி அனுப்பு என்று ஃபேக்ஸ் வந்தது. கம்பெனித் தாள், முதலாளி கையெழுத்து, எல்லாம் அச்சு அசலாக இருந்தன. லோரியும் வந்தது. ஏற்றினாள். சாயங்காலம் முதலாளிக்குப் போன் போட்டு, "நானூறும் போயிருச்சு மொதலாளி" என்றாள். "எந்த நானூறு?" என்று கேட்டார் அவர்.

எவனோ ஒரு பழைய கடிதத்திலிருந்து முதலாளியின் கையெழுத்தை வெட்டி ஒட்டி, நகலெடுத்து அனுப்பியிருக்கிறான். போலீஸ் வந்தது, போயிற்று. முதலாளியின் சந்தேகம் மட்டும் போகவில்லை. "உள்ளாளு இல்லாம இது நடக்குமா? இன்னொரு தடவ ஏதாச்சும் ஆச்சு, நான் சொல்ற வரைக்கும் நிக்காதே. பேக்கத் தூக்கிட்டுப் போயிடு" என்றார். அன்றிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "இந்தா" என்பார். பதினொரு வருஷம் உழைத்தவளுக்கு அந்த "இந்தா" செருப்படியைவிட வலித்தது.

இந்த நேரத்தில்தான் குணேஸ்வரி இரண்டு கறுப்புப் பெட்டிகளோடு வந்து நின்றாள். இனி ஃபேக்ஸ் கிடையாது. ஆபீசில் ஆர்டர் எழுதுகிற புரோகிராம், கிடங்கில் சரக்கு பார்க்கிற புரோகிராமோடு டெலிபோன் லைனில் நேராகப் பேசிக்கொள்ளும். லைனின் இரு முனையிலும் ஒரு கறுப்புப் பெட்டி. இந்தப் பெட்டி பேச்சை அரைத்து மாவாக்கி அனுப்பும். அந்தப் பெட்டி மாவை மறுபடி பேச்சாக்கும். நடுவில் ஒட்டுக் கேட்கிறவனுக்கு மாவுதான் மிச்சம். இரண்டு பெட்டிக்கும் ஒரே சாவி. சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை. எண்ணும் எழுத்துமாக முப்பத்திரண்டு. அதை முழுசாக ஒருவர் கையில் கொடுப்பது குணேஸ்வரிக்கு ஆகவே ஆகாது. பதினாறு பதினாறாகப் பிரித்து, இரண்டு உறையில் போட்டு, இரண்டு பேரிடம் கொடுப்பாள். ஒருவர் பாதியை மற்றவர் பார்க்கக் கூடாது. இருவரும் இரண்டு இடத்துக்கும் நேரில் போய், அவரவர் பாதியை அவரவரே பெட்டியில் அடிக்க வேண்டும்.

"ஒரு பாதி உங்களுக்கு அங்கிள். இன்னொண்ணு இராஜம்மாக்காவுக்கு."

செட்டியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இராஜம்மா அங்கேயே நிற்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை. "பூனகிட்ட பாலக் காவல் வைக்கச் சொல்றியா?"

"பூனைன்னு தெரிஞ்சா போலீஸ்ல புடிச்சுக் குடுங்க. தெரியலன்னா பாதியக் குடுங்க. கெடங்குல உக்காந்திருக்கிறது அவங்கதானே? ஆள மாத்தணும்னா என்னையும் சேத்து மாத்திருங்க."

செட்டியார் முகத்துக்கு நேரே இப்படிப் பேசி இராஜம்மா யாரையும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசில் முதல் பெட்டி. இராஜம்மா அடிக்க உட்கார்ந்ததும் குணேஸ்வரி, "எல்லாரும் சுவரப் பாத்து நில்லுங்க" என்றாள். முதல் ஆளாய்த் தானே போய், மூக்கு சுவரில் இடிக்க, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள். அதுதான் அவள் வழக்கம்.

"என் ஆபீஸ்ல நான் சுவரப் பாக்கணுமா?" என்றார் செட்டியார்.

குணேஸ்வரி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பழைய பேப்பரை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். கால் மணி நேரம் போயிற்று. அவருக்கு வந்த காப்பி ஆடை கட்டிற்று. கடைசியில் அவர் பாதி உடம்பைத் திருப்பி, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார்.

"கண்ணும் திரும்பணும் அங்கிள். ஒடம்பு மட்டும் திரும்பி என்ன லா புண்ணியம்?"

இருவரும் அடித்து முடித்ததும் தாள்கள் மறுபடி உறைக்குள் போயின. மறுபடி கையெழுத்து, மறுபடி டேப். இரண்டு பாதியும் ஒரே வண்டியில் போகக் கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம். செட்டியார் அவர் காரில் முன்னே போனார். இராஜம்மா உறையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு டட்சனில் ஏறினாள். வழி நெடுக அதன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

கிள்ளானை நெருங்கும்போது செட்டியார் கார் ஒரு கோயில் வாசலில் நின்றது. புதுக் காரியம், ஓர் அர்ச்சனை போடாமல் எப்படி? செட்டியார் வீட்டு வழக்கம் அப்படி. புது லோரி வாங்கினால் லோரிச் சாவி, புது லைசென்ஸ் வந்தால் லைசென்ஸ், எல்லாம் முதலில் அர்ச்சனைத் தட்டுக்குத்தான் போகும். "அஞ்சே நிமிஷம் லா" என்று சொல்லி உள்ளே போனார். பெண்கள் இருவரும் கார் நிழலில் நின்றார்கள். கோயில் ஒலிபெருக்கியில் குருக்களின் குரல் தெருவரைக்கும் கணீரென்று கேட்டது. செட்டியார் பெயரைச் சொன்னார். நட்சத்திரம் சொன்னார். குடும்பத்தார் எல்லாரையும் சொன்னார். பிறகு ஒரு சின்ன இடைவெளி. டேப் கிழிகிற சத்தம்கூட மைக்கில் விழுந்தது.

"நாலு... ஈ... ஏழு... ஏழு... பி..."

குணேஸ்வரி ஓடினாள். ஒரு செருப்பு கார் பக்கத்தில் கிடந்தது, மற்றது படியில். அவள் சன்னிதிக்குப் போய்ச் சேருவதற்குள் பதினாறும் முடிந்துவிட்டது. குருக்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தத் தாளுக்கு விபூதி போட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி! இத ஏன் சாமி படிச்சீங்க?"

குருக்கள் திகைத்துப் போனார். "செட்டியார் வீட்டுத் தட்டுல உறை வந்தா, ஒண்ணு பேரு நட்சத்திரம் இருக்கும், இல்லாட்டி லோரி நம்பர் இருக்கும். எப்பவும் படிக்கிறதுதானேம்மா? இது கொஞ்சம் நீளமா இருந்துச்சு. ரெண்டு லோரி போலன்னு நெனச்சேன்."

"சாமி கால்ல வச்சு எடுக்கலாம்னுதான் குடுத்தேன்" என்றார் செட்டியார். குரல் கீழே போயிருந்தது. "சாமிக்குத் தெரிஞ்சா தப்பா?"

"சாமிக்குத் தெரிஞ்சா பரவாயில்ல அங்கிள். ஸ்பீக்கருக்குத் தெரிஞ்சு போச்சே!"

"பாதிதானே லா போச்சு? மிச்சப் பாதி இல்லாம எவன் என்ன..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். மிச்சப் பாதி யாரிடம் இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பினார். இராஜம்மா படியருகே நின்றிருந்தாள். உறையை வெளியே எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது.

"மிஸ், என்னுது வச்சபடியே இருக்கு. நல்லாப் பாத்துக்குங்க."

குணேஸ்வரி அவளிடமும் முகதாட்சண்யம் பார்க்கவில்லை. வாங்கினாள். வெயிலில் தூக்கிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடினாள். டேப் அப்படியே, கையெழுத்து அப்படியே. "பிரியல" என்றாள், செட்டியாருக்குக் கேட்கும்படி. பிறகு அந்த உறையையும், விபூதி பூசிய தாளையும் சேர்த்து வைத்துச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தாள்.

"ஐயோ மிஸ்! என்னுது ஏன்? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யலக்கா. பாதி கெட்டா முழுசும் கெட்ட மாதிரிதான். மொதல்லேர்ந்து வருவோம்."

வந்தார்கள். மறுபடி பிரிக்ஃபீல்ட்ஸ், புதுசாக முப்பத்திரண்டு, புது உறைகள், மறுபடி முதல் பெட்டி. செட்டியார் இந்தத் தடவை காரில் தனியாக வரும்போது உறையைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானும் மாட்டியிருந்தார். கோயில் வாசலில் கார் நிற்கவில்லை. மேருவுக்கு வந்து சேர மணி மூன்று.

கிடங்கு ஆபீஸ் சின்ன அறை. வாசலில் லோரி டிரைவர் அய்யாவுவும் மூட்டை தூக்குகிறவர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செட்டியார் தம் பாதியை அடித்து முடித்து எழுந்தார். நாற்காலியைத் தம் கையாலேயே பின்னுக்கு இழுத்தார்.

"உக்காரு இராஜம்மா."

சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். பாதி உடம்பு இல்லை, முழுசாக. வாசலில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். "மொதலாளிக்கு என்னாச்சு லா?" என்று அய்யாவு கிசுகிசுத்தான்.

இராஜம்மா தாளைப் பிரித்தாள். விசைகளின் மேல் கையை வைத்தாள். குணேஸ்வரியும் சுவர்ப் பக்கம் போனவள், பாதி வழியில் நின்றாள். செட்டியார் தலைக்கு மேலே கண்ணாடி போட்ட முருகன் படம். டியூப் லைட் வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடியில், வேலுக்குப் பக்கத்தில் இராஜம்மாவின் கை தெரிந்தது. கைக்குக் கீழே விசைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

குணேஸ்வரி படத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆணியிலிருந்து கழற்றினாள். வாசலில் யாரோ "ஐயையோ!" என்று கத்தியதைக் காதில் வாங்காமல், முருகன் முகம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பி மாட்டிவிட்டு, செட்டியாருக்குப் பக்கத்தில் போய் மூக்கு இடிக்க நின்றாள்.