பறக்காத தொலைநோக்கிக்கு ஒரு கைப்பிடி

ஒஸ்லோவில் நான் வேலை செய்த பட்டறை சிறியது. விண்ணோடத்தில் ஏற்றிப்போய்ச் சுற்றுப்பாதையில் விடவிருந்த ஒரு தொலைநோக்கியின் மூடிக்குக் கைப்பிடி செய்துகொண்டிருந்தோம். மூடியின் மோட்டார் இயங்காவிட்டால் விண்வெளி வீரர் ஒருவர் வெளியே வந்து கையால் திறக்க வேண்டும். தடித்த கையுறைக்குள் அது பிடிபட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் தொலைநோக்கி செய்பவர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த நேரத்தில்தான் பூமிக்குத் திரும்பிய விண்ணோடம் ஒன்று சிதறி, அதிலிருந்த எல்லோரும் இறந்தார்கள். எங்கள் பயணம் என்னவாகும் என்று கேட்டோம். மேலாளர் இங்கர், "தாமதம்தான்" என்றார்.

கோடை லீவும் முடிந்தது. திருத்தங்கள் மட்டும் நிற்கவில்லை. வளைவை மாற்று. பழையபடி ஆக்கு. மஞ்சள் பூச்சுப் போடு. சுரண்டு.

வரைபடம் போட்ட செந்தில் கோயம்புத்தூர்க்காரர். அவருக்கு ஜெர்மனியில் நல்ல வேலை ஒன்று கிடைத்திருந்தது.

"இத முடிச்சுட்டுத்தான் போகணும்னு ஜெர்மனிக்காரங்களுக்கு முடியாதுன்னுட்டேங்க்கா."

"உங்களுக்கு விசரே செந்தில்? இங்கர் இன்னும் ஒண்டும் தெளிவாச் சொல்லேல்லை."

"விசர்னா?"

"பைத்தியம்."

சிரித்தார். இலையுதிர் காலத்தில் இன்னொரு திருத்தம் வந்தது. அரத்தை வைத்துவிட்டு இங்கரின் அறைக்குப் போனேன். செந்திலும் வந்தார்.

"பயணம் இருக்கிறதா, இல்லையா? அதைச் சொல்லுங்கள், பிறகு அராவுகிறேன்."

இங்கர் கதவைச் சாத்தினார். "ரத்து. ஈஸ்டரிலேயே தெரியும். சொன்னால் நீங்கள் போய்விடுவீர்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கு எனக்கு ஆட்கள் வேண்டும்."

"அப்படியானால் இந்தத் திருத்தங்கள்?"

"கடைசி நான்கும் நான் எழுதியவை."

செந்தில் மேசையிலிருந்த கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மாலை மோர்டென்ஸ்ருட் போகும் மெட்ரோவில் அவரிடம் கேட்டேன்.

"ஜெர்மனிக்குத் திரும்பப் போன் அடிச்சுக் கேட்டனீங்களோ?"

"மத்தியானமே கேட்டேங்க்கா. வேற ஆளப் போட்டுட்டாங்களாம்."

பின்னாளில் அதே பட்டறைக்கு நான் பொறுப்பானேன். அப்போதும் ஒரு வேலை ரத்தானது. செய்தி வந்த காலையே, எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றும் முன்னரே சொல்லிவிட்டேன். இங்கர் பயந்ததுதான் நடந்தது. கெட்டிக்காரர் இரண்டு பேர் உடனே விலகினார்கள். மிச்ச வேலையை முடிப்பதற்குள் எனக்கு நாரி முறிந்தது, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை.

இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். பொறுப்பில் இருப்பவருக்கு முதுகு வலிக்கலாம். அதற்காக அடுத்தவரின் அரை வருடத்தை அவருக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது.