வெளிய வாடா, போதும்

என் கணவர் கூடைப்பந்துப் பயிற்சியாளர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் அணியில் தொடங்கி, பிறகு சென்னையில் தொழில்முறை லீக் அணி ஒன்றுக்குப் போய், அதை யாராலும் அசைக்க முடியாத அணியாக ஆக்கியவர். அவரைப் பற்றி எழுத, படம் எடுக்க வருகிறவர்கள் சுற்றிச் சுற்றி என்னிடம் ஒன்றைத்தான் கேட்பார்கள். "சார் எப்படிம்மா அவ்வளவு சீக்கிரம் ஆளை மாத்துறாரு? இந்த உத்தி அவருக்கு எங்கேருந்து வந்தது?"

களத்தில் ஐந்து பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் பெஞ்சில் காத்திருப்பார்கள். ஆட்டம் நெருக்கடியில் இருக்கும்போது எந்தப் பயிற்சியாளரும் தன் நல்ல ஆட்டக்காரனை வெளியே எடுக்க மாட்டார். இவர் எடுப்பார். எடுத்தும் ஜெயிப்பார். "அதெல்லாம் அவரைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு நான் காப்பி போட எழுந்துபோய்விடுவேன்.

எனக்குத் தெரியும். அது உத்தி இல்லை.

கல்யாணமான புதிதில் கம்பெனி மைதானத்துக்குப் பின்னால்தான் குடியிருந்தோம். நான் வேலூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் நான் பஸ் பிடிக்கக் கிளம்பும்போதே சிமெண்ட் தரையில் பந்து தட்டும் சத்தம் கேட்கும். ஷிஃப்ட்டுக்கு முன்னால் ஒரு பயிற்சி, பின்னால் ஒரு பயிற்சி. கட்டிங்கில், பேக்கிங்கில் வேலை பார்த்த ஆட்களைத்தான் அவர் அணியாக்கியிருந்தார். டேனரியில் தோல் அலசிய ஒருவரின் மகன் அவர். விளையாட்டால்தான் அங்கிருந்து வெளியே வந்தார். அதனால் யாருக்கும் ஓய்வு கொடுக்க மாட்டார். "மூச்சு வாங்குதுன்னா உயிரோட இருக்கேன்னு அர்த்தம், ஓடு" என்பார். அவருடைய பழைய ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். என்னால் சிரிக்க முடிவதில்லை.

அந்த அணியில் பந்தைத் தட்டி முன்னே கொண்டுபோகிற வேலை ஒருவனுடையது. பள்ளிகொண்டா பக்கத்துக்காரன். இருபத்தைந்து வயது இருக்கும். உயரம் கம்மி, வாய் ஜாஸ்தி. எதிரணிக்காரனோடும் பேசிக்கொண்டே ஆடுவான். அதே கம்பெனியில் அவனுடைய அம்மா ஷூவின் மேல்தோல் தைக்கிற பிரிவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனை முடிந்து வருவதற்குள் எங்கள் வீட்டு வாசலில் நிற்பான். "அக்கா, இன்னா குழம்பு இன்னிக்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் கணவர் தன் தட்டிலிருந்து கறியை எடுத்து அவன் தட்டில் போடுவார்.

திருப்பத்தூரில் ஒரு போட்டி. அக்கினி வெயில் காலம். மாலையில் மழை வரும் என்று பயந்து இறுதி ஆட்டத்தை மதியமே தொடங்கிவிட்டார்கள். நானும் போயிருந்தேன். கடைசிக் கட்டத்தில் இரண்டு அணியும் சமமாக இருந்தன. அப்போது அவன் எங்கள் பெஞ்சைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தான். என் கணவர் ஒரு விரலைக் காட்டினார். அது ஏதோ ஆட்டத்துக்கான சைகை என்று நினைத்துக்கொண்டேன். அவன் தலையாட்டிவிட்டு ஓடினான். ஜெயித்தோம். எல்லோரும் அவனைத் தூக்கப் போனார்கள். அவன் களத்தின் நடுவில் உட்கார்ந்தான். பிறகு மெதுவாக, தூக்கம் வந்தவனைப் போலப் படுத்துக்கொண்டான்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான். பிறவியிலேயே இதயத்தில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது, யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றார் டாக்டர். எல்லோரும் அதையே சொன்னார்கள். அவனுடைய அம்மாகூட என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க" என்றுதான் அழுதார்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அவன் முடியலன்னு கை காட்டினான். நான் பாத்தேன்."

நான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"இன்னும் ஒரு நிமிஷம்னு விரலைக் காட்டினேன்" என்றார். அவனுடைய அம்மா வீட்டுக்கு அவர் அதன் பிறகு போகவே இல்லை. அந்த அம்மா வேலைக்கு வரும் நேரத்தில் மைதானத்தில் நிற்பதையும் தவிர்த்தார். கொஞ்ச நாளில் கம்பெனி அணியை விட்டுவிட்டார்.

சென்னையிலிருந்து லீக் அணி கூப்பிட்டது. அங்கேதான் அந்தப் புகழ்பெற்ற 'உத்தி' தொடங்கியது. யாராவது முட்டியில் கை ஊன்றினால் போதும், எழுந்துவிடுவார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்து, ஆள் மாற்றச் சொல்லி ஸ்கோர் எழுதுகிற மேசைக்குச் சைகை காட்டுவார். வெளியே வருகிறவனைத் தானே போய் அழைத்து வருவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைப்பார். டிவியில் வர்ணனை செய்கிறவர்கள், "பெஞ்சில் இருப்பவர்களை இவ்வளவு நம்புகிற பயிற்சியாளர் வேறு யாரும் இல்லை" என்பார்கள். ஆட்டக்காரர்கள் அவரை அப்பா என்றே கூப்பிட்டார்கள். ஒரு வருடம் இறுதி ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரனைக் கடைசி நிமிடத்தில் வெளியே எடுத்துத் தோற்றார். ஊரே திட்டியது. அணியின் முதலாளி காரணம் கேட்டார். "அவன் நெஞ்ச தொட்டான் சார்" என்றாராம். அந்தப் பையன் பனியனைத்தான் சரி செய்துகொண்டிருந்தான்.

டிவியில் ஆட்டம் பார்க்கும்போது நான் பந்தைப் பார்க்க மாட்டேன். அவர் முகத்தைப் பார்ப்பேன். ஓடுகிற ஐந்து பேரைத் தாண்டி, யாரும் இல்லாத இடத்தில் அவர் கண் நிற்கும்.

ஞாபகம் தவறத் தொடங்கியதும் ஆம்பூருக்கே திரும்பினோம். முதலில் கோப்பைகளை மறந்தார், பிறகு சென்னையை, பிறகு என்னை. அவனை மட்டும் மறக்கவில்லை. மதிய வெயில் ஏறியதும் வாசலில் நாற்காலி போடச் சொல்வார். தெருவில் யார் போனாலும் கையைக் குறுக்கே வைத்துக் காட்டி, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். "வெளிய வாடா, போதும். வந்து உக்காரு." எதிரில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியையும் அப்படித்தான் கூப்பிட்டார். அவர் முதலில் சிரித்தார். பிறகு தினமும் வேலையை விட்டு இறங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துட்டேன் சார்" என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மேஸ்திரி போனதும் என் கணவர் மறுபடி கூப்பிடத் தொடங்கிவிடுவார்.

இவருக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ சொல்லி, ஒருநாள் அவனுடைய அம்மா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலிலேயே என் கணவர் அவரைப் பார்த்துக் கையைக் குறுக்கே வைத்தார். மகனின் பெயரைச் சொன்னார். "வெளிய வாடா, போதும். மூச்சு வாங்குது உனக்கு."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா சொல்றாரு?"

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே கூட்டிப்போய், கணவர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்ததை, அந்த விரலை, ஒரு நிமிடத்தை. அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ இவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சிருக்கும்மா."

"நோவுன்னு ஒரு நாள்கூட எங்கிட்ட சொன்னதில்ல அவன். இவராண்ட சொல்லிருக்கான்."

எழுந்து வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அவர் என் கணவரின் முன்னால் நின்று, "இப்ப கூப்ட்டு இன்னா சார் பண்றது?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ களத்திலிருந்து வந்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். முகம் மலர்ந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கவில்லை. காப்பியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். நீட்டிய கையை என் கணவர் வெகுநேரம் மடக்கவில்லை. நான்தான் மடக்கி வைத்தேன்.

அன்றோடு அவர் அமைதியடைந்தார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அடையவில்லை. படுக்கையில் விழுந்த பிறகும், குரல் போன பிறகும், உதடு அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போதும் வெயில் ஏறினால் நான் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன்.

அவருடைய அடக்க ஆராதனைக்குக் கூட்டம் தாங்கவில்லை. குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்த உயரமான ஆட்கள், குழந்தையைப் போல அழுதார்கள். அந்த அம்மாவும் வந்திருந்தார். கடைசி வரிசையில் தனியாக நின்றார். எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

"கடைசி வரைக்கும் அவன் பேர சொன்னாரா?"

"சொன்னாரும்மா."

செருப்பை மாட்டிக்கொண்டவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் ஒருத்திதான் கூப்ட்டுக்கினு இருக்கேன்னு நெனச்சேன்" என்றார்.