அக்கா கேட்ட கிரீன் டீ

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துவந்த நாட்களில் அக்கா கிரீன் டீ வேண்டும் என்று கேட்டாள். மருந்தோடு சேருமோ சேராதோ என்று பயந்து நான் வாங்கிக் கொடுக்கவில்லை. நாலு மாதத்தில் அவள் போய்விட்டாள்.

சென்ற மாதம் சிம்பாங் அம்பாட் சந்தையில் ஒரு பெண் கிரீன் டீ பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தாள். "தினம் குடிச்சா கேன்சரே கரைஞ்சிடும் லா," என்றாள். அக்காவை நானே சாகவிட்டேன் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

பிரஷர் பார்க்க கிளினிக்குக்குப் போனபோது, அங்கிருந்த தமிழ் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஆன்ட்டி, இதப் பத்தி நெறைய ஆராய்ச்சி நடந்திருக்கு. புற்றுநோயத் தடுக்கும்னே உறுதியா சொல்ல முடியல. வந்த நோயக் குணமாக்கும்னு ஆதாரம் இல்ல."

"அப்போ நான் கொடுத்திருந்தா?"

"பொழைச்சிருப்பாங்கன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல, ஆன்ட்டி. சில மருந்துக்கு அது ஒத்துக்காது. டாக்டரக் கேக்காம கொடுக்காதது நல்லதுதான்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் மனம் லேசாகி, நல்ல பசி எடுத்தது. பக்கத்துக் கடையில் இரண்டு ரொட்டி சானாய் வாங்கி, பருப்புக் குழம்பில் தோய்த்து நிதானமாகச் சாப்பிட்டேன்.