எகிப்து என்று சொன்ன பாட்டு

ஒஸ்லோவில் கிட்டார் பையோடு ட்ராமில் ஏறினால் யாரும் அதைத் திறந்து காட்டச் சொல்வதில்லை. வந்து இத்தனை வருடமாகியும், சீருடை போட்ட டிக்கெட் பரிசோதகரைக் கண்டதும் என் கை தானாகவே பையின் ஜிப்பைத் தேடுகிறது. அவர் சிரித்துக்கொண்டு டிக்கெட்டை மட்டும் கேட்கிறார். கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொள்கிறேன்.

யுத்த காலத்துக் கண்டியில் நாங்கள் நால்வர் ஒரு மெட்டல் இசைக்குழு வைத்திருந்தோம். பயிற்சி, நகருக்கு அருகே பிலிமத்தலாவையில், டிரம்ஸ் வாசிக்கும் ருவனின் வீட்டுக் கராஜில். நால்வரில் நான் மட்டும்தான் தமிழன். தமிழில் பாடினால் அயலுக்குச் சந்தேகம், சிங்களத்தில் பாடினால் என் வீட்டில் முகச்சுளிப்பு. ஆகவே ஆங்கிலத்தில் கத்தினோம். அதுவும் அலுத்துப்போன நாட்களில், நூலகப் புத்தகமொன்றில் பழைய எகிப்தியக் கல்லறையின் சுவரோவியத்தைப் பார்த்தேன். கண் தெரியாத ஒருவர் யாழ் மீட்டிக்கொண்டிருந்தார். அந்த இசை எப்படி ஒலித்தது என்று இன்று எவருக்கும் தெரியாதாம். நீ எந்தப் பக்கம் என்று கேட்க அதில் ஆளில்லை. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கிட்டார் நரம்புகளைத் தளர்த்தி, சொல்லே இல்லாமல் முனகி, தனியாக ஒரு கசெட் பதிவுசெய்தேன்.

அதைக் கராஜில் போட்டுக் கேட்பதற்காக நானும் ருவனும் குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறினோம். நகரில் குண்டு வெடித்த வாரம் அது. வழியில் சோதனைச் சாவடியில் என் அடையாள அட்டையைப் பார்த்ததும் இராணுவத்தினர் என்னை இறக்கினார்கள். கசெட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, என்ன மொழி என்றார்கள். எகிப்து என்றேன். எகிப்திலும் உங்கள் ஆட்களுக்கு முகாம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். பிறகு ருவனைக் கூப்பிட்டு, இவனைத் தெரியுமா என்றார்கள்.

"தெரியாது சேர். பஸ்ஸில பக்கத்தில இருந்தவர்," என்று சிங்களத்தில் சொன்னான். என் முகத்தைப் பாராமல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அடித்ததைவிட, எழுந்து நின்று அந்த மெட்டைப் பாடச் சொன்னதுதான் இன்னும் என்னோடு இருக்கிறது. பாடினேன். சிரித்தார்கள், முடிந்ததும் கைதட்டினார்கள். அந்த மெட்டுக்குக் கிடைத்த முதல் கைதட்டல். ஒரு கணம் என் மனம் குளிர்ந்துபோனது. ருவன் மீதிருந்த கோபம்கூடக் காலத்தில் தணிந்தது. அந்தக் குளிர்ச்சியின் மீதான அருவருப்பு தணியவேயில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்த அரசாங்க எழுதுவினைஞர் என் அப்பா. மேலதிகாரியின் கடிதத்தோடு வந்து என்னைக் கூட்டிப்போனார். நடக்கும்போது ஒன்றுதான் கேட்டார்.

"விளங்குற பாட்டெண்டா விட்டிருப்பாங்கள். ஏன் தம்பி உப்பிடி விளங்காததைப் பாடுறாய்?"

"விளங்கியிருந்தா விட்டிருக்க மாட்டாங்கள், அப்பா."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஒஸ்லோவில் பல வருடம் உழைத்து அந்த மெட்டை ஒரு முழு ஆல்பமாக்கினேன். வெளியீட்டாளர் ஒருவர் கோப்பி ஊற்றித் தந்து, கண்ணை மூடிக் கேட்டார். உங்கள் மக்களின் ஒப்பாரியா என்றார். எகிப்து என்றேன். புரிகிறது என்று தலையாட்டிவிட்டு, உறையில் போர் என்ற சொல் இருந்தால் நல்லது என்றார். ஒரு பாட்டில் கொஞ்சம் அழ முடியுமா என்றும் கேட்டார். நல்ல மனிதர்தான். எனக்கு வாயில் கோப்பி கசந்தது. பதிவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, எகிப்து என்ற தலைப்பில் நானே வெளியிட்டேன்.

இணையத்தில் கேட்டுவிட்டு ருவன் எழுதினான்: "அண்டைக்கு நீ கொண்டுவந்தது இதுதானா மச்சான்? நான் பயந்துட்டேன்." பரவாயில்லை என்று தட்டினேன், அழித்தேன். கடைசியில், ஆம், இதுதான் என்று மட்டும் அனுப்பினேன்.

சென்ற வாரம் இங்குள்ள இசைத்தட்டுக் கடையொன்றில் ஒரு பிரதி கொடுத்தேன். மெட்டல் தட்டில் வைக்க அது மெட்டல் இல்லை என்றாள் கடைக்காரப் பெண். இலங்கை என்று ஒரு தட்டு இல்லை. நோர்வே என்ற தட்டின் முன் சற்று நின்று, என் பெயரை இன்னொருமுறை வாசித்துவிட்டு, அப்பால் நடந்தாள். எகிப்து என்ற அட்டைக்குப் பின்னால், நான் ஒருநாளும் கால்வைத்திராத நாட்டில், என் பெயரைச் செருகினாள். நான் வெளியே வந்தேன்.