மருந்துக்குப் பத்தியம்

என் சமையலை யாரும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்று வருஷம் என் வீட்டுக்காரரின் கால் பெருவிரல் படாத பாடு பட்டது. அந்த வலியை நான்தான் என் குசினியில், மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, பக்குவமாக வேகவைத்துக் கொண்டிருந்தேன்.

அவர் சங்கு குளிக்கிறவர். முத்துக் குளிப்பு நின்று பத்து வருஷம் ஆகியிருந்தது. சங்குக்கு மட்டும் கடலில் ஆட்கள் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கல் கட்டிய கயிற்றை வலது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி, கல்லின் கனத்திலேயே எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பதடி, ஆழத்துக்கு இறங்குவார். அடியில் போய்ச் சேர்ந்ததும் கல்லை விட்டுவிட்டுச் சங்கு பொறுக்குவார். இடுப்பில் இன்னொரு கயிறு இருக்கும். மூச்சு முட்டுகிற நேரம் அதை ஒரு சுண்டு சுண்டினால், வள்ளத்தில் நிற்கிறவர் இழுத்துத் தூக்க வேண்டும். தாமதித்தால் ஆள் இல்லை. ஆகவே அந்தக் கயிற்றைக் கண்டவர் கையில் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தன் அக்காள் தாலி அறுவதை எவன் பார்த்துக்கொண்டு நிற்பான் என்ற நம்பிக்கை. என் வீட்டுக்காரரின் கயிற்றைப் பிடித்தவன் என் தம்பி.

ஆறு வருஷம் ஒரு குறையில்லாமல் பிடித்தான். கார்த்திகையில் ஒரு நாள், கல்லுக் கயிறு நைந்துவிட்டதென்று பழைய தேங்காய்நார்க் கயிற்றை எறிந்துவிட்டுப் புதிதாக வந்திருந்த நைலான் கயிற்றைக் கட்டினான். அந்த வாரமே ஒரு விடியற்காலை இவர் போட்ட கூப்பாட்டில் நான் பதறி எழுந்தேன். பெருவிரலின் அடிமூட்டு பழுத்த தக்காளிபோல் சிவந்து, தோல் மினுமினுத்துக்கொண்டு நின்றது. சுறா திரிகிற கடலில் அஞ்சாமல் இறங்குகிற மனிதர், காலில் போர்வை பட்டதற்கு அலறினார்.

"ஏளா, போர்வைய எடு. உயிரு போவுது."

"எங்கயாவது இடிச்சியளா?"

"இடிக்கவுமில்ல, முள்ளுக் குத்தவுமில்ல. ஒந் தம்பி ஒரு புதுக் கயித்தக் கொண்டாந்து கட்டினாம்லா, அது பண்ணுன வேல."

தம்பி வந்து குனிந்து காலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அத்தான், கயிறு அறுத்தா தோலு உரிஞ்சிருக்கணும்லா. ஒரு கீறலக் காணோமே" என்றான். நியாயமான பேச்சுதான். வலிக்கிறவனிடம் நியாயம் பேசி என்ன ஆகப்போகிறது? மறுபடியும் நார்க்கயிறு கட்டினார்கள்.

நான் சும்மா இருப்பேனா? வலிக்கிற காலுக்கு ஆட்டுக்கால் என்று எங்கள் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். காலையில் ஆட்டுக்கால் சூப்பு. மத்தியானம் ரத்தம் ஊற ஈரல். சாயங்காலம் உடம்பு வலி போக நண்டு ரசம். நடுவில் நல்ல கொழுத்த சாளை மீன். எட்டு நாளில் வீக்கம் வற்றி, பத்தாம் நாள் மனிதர் எழுந்து நடந்தார். "ஒங் கைப்பக்குவம்ளா" என்று அவர் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வலி சூப்பு குடித்தாலும் குடிக்காவிட்டாலும் எட்டுப் பத்து நாளில் தானே இறங்கிவிடுகிற வலி என்பது எனக்குத் தெரியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. நான் காக்கையைக் கொண்டாடினேன்.

இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. நான் இன்னும் அதிகமாகச் சமைத்தேன். பிறகு மாதம் ஒரு தடவை என்றாயிற்று. பட்ட காலிலே படும் என்று அவரே சொல்லிச் சிரிக்கப் பார்ப்பார். குளிக்கப் போகிற நாளில் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால் மத்தியானம் வரை சோறும் கிடையாது, தண்ணீரும் அநேகமாகக் கிடையாது. கரையேறியதும் உடம்பில் ஏறின குளிரை இறக்க நேரே சாராயக்கடை. அரசாங்கம் கடைகளைத் திறந்து வைத்திருந்த வருஷங்கள் அவை. வெறும் வயிற்றில் ஊற்றினால் குடல் வெந்துபோகுமே என்ற அக்கறையில் நான் ஈரலை வறுத்துப் பொட்டலம் கட்டிக் கடற்கரைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போது என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

கால் முடியாத நாளெல்லாம் குளிப்பு இல்லை. குளிப்பு இல்லாத மனிதர் வீட்டில் கிடந்து சுவரைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க என் தம்பி மேல் அவருக்கு இருந்த எரிச்சல் சந்தேகமாக மாறியது. கயிறு கல்லில் உரசுகிறது என்றார். கல்லை வேண்டுமென்றே வேகமாக விடுகிறான் என்றார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சூப்பை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தது. நாற்பது நாளும் மச்சமாமிசம் தொடுவதில்லை, சாராயத்தை மோந்தும் பார்ப்பதில்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டார். எங்கள் ஆட்கள் தபசில் இறைச்சியைத்தான் விடுவார்கள். இவர் மீனையும் விட்டார். கடற்கரையில் பிறந்தவர் மீனை விடுவது லேசான காரியமில்லை. கஞ்சி, பயறு, முருங்கைக்கீரை, மோர், இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதையில் பதினாலு இடத்திலும் முழந்தாளிட்டு எழுந்தார். நாற்பது நாளில் ஒரு நாள்கூட அந்த விரல் முனகவில்லை. மாதா கண் திறந்துவிட்டாள் என்று தெருவே சொன்னது. நானும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவர் எதைத் தின்னவில்லை என்று யோசிக்க எனக்கோ தெருவுக்கோ தோன்றவில்லை.

ஈஸ்டர் அன்று தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். இரண்டு பேரையும் ஒரே இலைப் பந்தியில் உட்கார வைத்தால் மனக்கசப்பு தீரும் என்று நினைத்தேன். அவன் உயிர் நண்டு ஒரு கூடை கொண்டுவந்தான். நாற்பது நாள் வற்றின உடம்பு என்று நான் ஈரல், ஆட்டுக்கால், நண்டு என ஒன்று பாக்கியில்லாமல் சமைத்து வைத்தேன். ஆண்கள் குடித்தார்கள், சிரித்தார்கள், பழைய கதை பேசினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை விடிந்தபோது விரலோடு முடியவில்லை. புறங்காலும் கணுக்காலும் சேர்ந்து வீங்கியிருந்தன. விஷயம் கேட்டு ஓடிவந்த தம்பியை இவர் வாசலிலேயே நிறுத்தினார்.

"நாப்பது நாளு நல்லாக் கெடந்த காலு. நேத்து இவன் வந்து நடைய மிதிச்சான், இன்னைக்கு எங் காலு போச்சு. என்னலே வச்ச எனக்கு?"

"அத்தான், மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன்..."

"சத்தியம் பண்ணாத. இனி எங் கயித்த நீ தொடாத."

எங்கள் தெருவில் ஒரு மச்சினனிடம் இதைவிடக் கேவலமான வார்த்தையைச் சொல்ல முடியாது. நீ என்னைக் கொல்லப் பார்க்கிறாய் என்று ஊர் கேட்கச் சொன்னதாக அர்த்தம். தம்பி முகம் வெளுத்துப்போனது. "சரி அத்தான்" என்றான். என்னைப் பார்த்தான். நான் அவனுக்காக ஒரு வார்த்தை பேசாமல் குசினிக்குள் போய் மறுபடியும் சூப்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். அடுத்த வாரம் அவன், முடியும் தறுவாயில் இருந்த புதுத் துறைமுகத்தில் கல் சுமக்கப் போய்விட்டான். அக்காள் புருஷன் உயிருக்கு உலை வைத்தவன் என்ற பெயரோடு போனான். அவனுக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர்கள்கூடப் பின்வாங்கினார்கள்.

அந்தத் தடவை மூன்று வாரமாகியும் வீக்கம் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் முடிவு வந்ததும், இவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர். வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டார். நான் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

"அம்மா, இவ்வளவும் நிறுத்தணும். இதுலதான் வலியே வருது" என்றார். ரத்தத்தில் யூரிக் ஆசிட் என்று ஒன்று கூடிவிட்டதாம், அது மூட்டில் போய் ஊசி ஊசியாகப் படிகிறதாம், அதுவும் ஒருவகைக் கீல்வாதம்தானாம். ஈரல், ஆட்டுக்கால், நண்டு, சாளை, நெத்திலி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாராயம், இவையெல்லாம் அதை ஏற்றுமாம். தண்ணீர் குடிக்காமல் கிடப்பதும் கெடுதலாம்.

எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளை வயசில் ஒருவன் என் சட்டியைக் குற்றம் சொல்வதா என்று. "சாப்பாட்டுல ஒண்ணுமில்ல டாக்டர். தபசுல நாப்பது நாளு வலி இல்லாமத்தான இருந்தாவ. அது ஜெபத்துல நின்ன வலி" என்றேன்.

"அந்த நாப்பது நாளும் என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

சொல்ல வாய் திறந்தேன். கஞ்சி, பயறு என்று ஆரம்பித்து, அதற்கு மேல் எனக்குச் சொல்ல முடியவில்லை.

மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்லுதாரு?" என்றார். ஒரே ஒரு வாக்கியம் போதும், என் தம்பி மறுநாளே வள்ளத்தில் நிற்பான். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால், மூன்று வருஷம் புருஷனை நோகடித்தவள் நான் என்று ஆகிவிடும். தெருவில் என் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசின வாயெல்லாம் என்ன பேசும் என்று நினைத்தேன். வெட்கம் வாயை அடைத்தது.

"மாத்திர குடுத்துருக்காரு. மருந்துக்குப் பத்தியம் இருக்கணுமாம். எறச்சி, நண்டு, சாள, சாராயம் ஒண்ணும் ஆவாதாம்" என்றேன்.

அவர் சந்தேகப்படவில்லை. நம்மூரில் எந்த மருந்துக்குத்தான் பத்தியம் இல்லை? கால் வற்றியது. நடந்தார், ஓடினார். ஐப்பசி கடைசியில் சங்குக் குளிப்பு தொடங்கியபோது வேறு தெருக்காரர் ஒருவரைக் கயிறு பிடிக்க வைத்துக்கொண்டார். நாளைக்குச் சொல்லிவிடுவோம், அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சொல்லிவிடுவோம் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். தம்பி கோவிலில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவான். குற்றம் செய்தவள் நான், தலை குனிந்தவன் அவன். ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பார்த்தும் என் நாக்கு எழவில்லை.

கார்த்திகையில் மாத்திரை தீர்ந்தது. பத்தியமும் தீர்ந்தது என்று அவர் எடுத்துக்கொண்டார். தப்பு அவருடையதா? அன்று சாளையும் நண்டுமாக வாங்கிக்கொண்டு வந்து நின்றார். சாராயக்கடைகளை அதற்குள் மூடியிருந்தார்கள். மூடினால் என்ன, கிடைக்கிற இடம் அவருக்குத் தெரியும்.

"இன்னும் கொஞ்ச நாளு போவட்டுமே" என்று இழுத்தேன்.

"மருந்தும் விருந்தும் மூணு நாளுதாம்ளா. நான் ஏழு மாசம் இருந்துட்டேன். கொதிக்க வையி."

வைத்தேன். தெரிந்தே வைத்தேன்.

நான்காம் நாள் காலை விரல் கடுக்க ஆரம்பித்திருக்கிறது. நோயாளி என்று வள்ளத்திலிருந்து இறக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் என்னிடம்கூடச் சொல்லாமல் கடலுக்குப் போய்விட்டார். அன்று நடந்ததைப் பிற்பாடு அவரும் கூடப்போனவர்களும் சொல்லித்தான் தெரியும். பாதி ஆழத்தில் வலி வெட்டியிழுக்க, விரல் கயிற்றை விட்டுவிட்டது. கல் தனியே போனது. இவர் நிலை தடுமாறி இடுப்புக் கயிற்றைச் சுண்டினார். மேலே நின்றவர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தாராம். கல் இப்போதுதானே போனது, அதற்குள் யார் சுண்டப்போகிறார்கள் என்று நினைத்தாராம். மூன்றாவது சுண்டுக்குத்தான் இழுத்தார். மூக்கிலும் வலது காதிலும் ரத்தம் வழியக் கொண்டுவந்து கரையில் போட்டார்கள்.

உயிர் தங்கிவிட்டது. வலது காதுப் பறை கிழிந்துவிட்டது, இனிமேல் ஆழத்தில் இறங்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கேட்கிற காதுப் பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

"அது மருந்துக்குப் பத்தியம் இல்ல" என்றேன். "அந்தச் சாப்பாட்டுலதான் வலியே வந்துச்சாம். டாக்டர் சொன்னாரு. கயித்துல ஒண்ணுமில்ல. எந் தம்பி ஒரு பாவமும் பண்ணல. எல்லாம் நான் ஆக்கிப் போட்டது."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான ஆக்குன. அதுக்கு ஒன்ன நான் என்ன சொல்ல?" என்றார். பிறகு, "டாக்டர் எப்பச் சொன்னாரு?" என்று கேட்டார்.

"ஈஸ்டர் முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம்லா, அப்பவே."

விரல் விட்டு எண்ணினார். "ஏழு மாசம்" என்றார். "ஏழு மாசமா ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. எவனோ ஒருத்தன் கையில எங் கயித்தக் குடுத்தேன். நீ வாசல்ல நின்னு வழியனுப்பிக்கிட்டு இருந்திருக்க."

அவர் எழுந்து கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டார். வீங்கின காலுக்குச் செருப்பு நுழையவில்லை. வெறுங்காலோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து, என் தம்பி வீட்டை நோக்கி நடந்தார். நானும் வருகிறேன் என்று எழுந்தேன். நீ வராதே என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.