புல்லு நட்டவள்

எங்கள் ஆட்கள் பேச்சில் ரப்பர் பால்மரம் தவிர மண்ணில் முளைக்கிற எல்லாவற்றுக்கும் ஒரே பேர்தான்: புல்லு. பூத்தாலும் புல்லு, காய்த்தாலும் புல்லு, ஆள் உயரத்துக்குப் புதராக நின்றாலும் புல்லு. தோட்டத்தில் அதற்கென்றே ஒரு வேலை, அதற்குப் பெயரே புல்லுவெட்டு. மரத்தடியில் ஒரு பச்சை தெரிந்தால் வேலை வாங்கும் மண்டோர் வாயில் வராத வசவு இல்லை. அப்படிப்பட்ட புல்லை ஒருத்தி தேடிப்போய்ப் பிடுங்கி வந்து சொந்த நிலத்தில் நட்டாள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். அந்த ஒருத்தி நான்தான்.

ரப்பர் விலை விழுந்து, ரயிலிலும் ஆள் குறைத்த காலம். என் வீட்டுக்காரர் பிரிக்ஃபீல்ட்ஸில் கம்பிச் சடக்கு வேலையில் இருந்தவர். தண்டவாளத்துக்கு நடுவே கல்லைச் சரிபண்ணுவது, முளைக்கிற புல்லைப் பிடுங்குவது, இதே வேலைதான் வருஷக்கணக்காக. வேலை போனதும் அவர்கள் கொடுத்த வீடும் போனது. நல்ல காலத்தில் கிள்ளானுக்கு வெளியே, பந்திங் போகிற சடக்கில், ரோட்டோரமாக, ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருந்தோம். பிள்ளைகுட்டி இல்லை. சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் அங்கே போய்க் குடிசை போட்டோம். பூசணியும் பாகலும் போட்டுக் கிள்ளான் பாசாரில் விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தது நான். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வேலை இல்லாதவர்களை அப்போது இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆபீசில் போய்ப் பேர் கொடுத்தால் போதும், ஊர் போய்ச் சேரலாம். அவருக்கு அது ஊர். எனக்கு? நான் பிறந்தது அம்பாங்கில், ஈயக் குட்டைக்குப் பக்கத்தில். அவர் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கடலைத்தான் காட்டுவேன்.

முதல் போகம் பூசணிக்கொடி ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். நிலம் முழுக்க இலை, இலைக்கு இலை மஞ்சள் பூ. பூவுக்கு அடியில் குண்டுமணி அளவில் பிஞ்சு தெரியும். மூன்றாம் நாள் அது மஞ்சளடித்து, வெம்பி, உதிர்ந்து கிடக்கும். காலையில் எழுந்து உதிர்ந்ததைப் பொறுக்குவதே என் வேலையாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக் கூலிவீட்டு வரிசையான லயத்திலிருந்து வந்து பார்த்த பெண்கள், "கண்ணு பட்டிருச்சுக்கா" என்றார்கள். கரிச்சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக் கழியில் கவிழ்த்தேன். சட்டி நன்றாக இருந்தது, காய்தான் இல்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். அத்தை மாதிரி, மாக்சிக் என்று கூப்பிடுவேன். அவர் வீட்டுக் கொல்லையில் பூசணி ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு கிடந்தது. வயிற்றெரிச்சலாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? போய்க் கேட்டேன். பிஞ்சில்லாத ஒரு பொய்ப்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப்போட்டு, நடுவில் இருந்த மஞ்சள் தூளைப் பிஞ்சுள்ள பூவில் தடவிக் காட்டினார். வண்டு செய்கிற வேலை இது, உன் பக்கம் வண்டு வருவதில்லை, நீதான் செய்யவேண்டும் என்றார்.

செய்தேன். பூ விடியும் முன்னே மலரும், வெயில் ஏறினால் கூம்பிவிடும். அதற்குள் குனிந்த முதுகு நிமிராமல் ஒவ்வொரு பூவாகத் தடவ வேண்டும். மழை பெய்தால் அதுவும் வீண். என் வீட்டுக்காரர் வாசலில் பல் குச்சியோடு நின்று பார்த்துவிட்டு, "என்ன புள்ள, பூவுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கிறியா? தரகு எவ்வளவு?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பூவையே அவர்மேல் எறிந்தேன். நாங்கள் குழம்பு வைக்கக் காய் கிடைத்தது. பாசாருக்குக் கொண்டுபோகக் கிடைக்கவில்லை. இடுப்பு மட்டும் விட்டுப்போனது.

அந்தப் போகம் முடிந்த அன்றுதான் அவர் சொன்னார். "இந்தா பாரு, அடுத்த தீவாளிக்குள்ள இந்த நெலம் சோறு போட்டா இங்கயே கெடப்போம். இல்லேன்னா நான் கப்பலுக்குப் பேரு குடுத்துருவேன். அப்பறம் அழுது பிரயோசனமில்ல."

மாக்சிக் பக்கம் மட்டும் வண்டு ஏன் வருகிறது என்று அதன் பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். அவர் கொல்லை ஓரம் முழுக்கக் காடு. கை அகலத்துக்கு ஊதாப் பூ பூக்கும் செண்டுடுக் புதர், நீலப்பூ விடும் சீமை நாயுருவி, தரையெல்லாம் தொட்டாச்சிணுங்கி. விடிந்தால் போதும், அதில் மொய்க்காத வண்டு இல்லை. அங்கே தின்றுவிட்டுப் பக்கத்திலிருக்கும் பூசணிக்கும் ஒரு எட்டுப் போய்வரும். எங்கள் பக்கமோ, ஒரு புறம் சுரண்டி மழித்த ரப்பர் தோட்டம், மறுபுறம் நாங்களே மழித்த மண். பால்மரம் பூக்கும் சில வாரம் தவிர அங்கே வண்டுக்கு என்ன இருக்கிறது? ஏன் இதையெல்லாம் வெட்டுவதில்லை என்று மாக்சிக்கிடம் கேட்டேன். "பியார்லா" என்றார். கிடக்கட்டும் விடு என்று அர்த்தம். எங்கள் ஆட்களுக்கு மட்டும் எதையும் விட வராது.

மழை பிடித்ததும் தொடங்கினேன். விதை தூவினால் எறும்பு தின்றுவிடுகிறது. அதனால் சடக்கோரப் பள்ளத்தில் இருந்த செண்டுடுக் கன்றுகளை வேரோடு, மண் உதிராமல் தோண்டிச் சாக்கில் சுமந்து வந்தேன். சீமை நாயுருவியைக் குச்சி குச்சியாக நறுக்கி ஊன்றினேன். தொட்டாச்சிணுங்கியைக் கையில் துணி சுற்றிக்கொண்டு பிடுங்கினேன், அப்படியும் முள் ஏறியது. நிலத்தின் ஓரம் நெடுக இரண்டு பாய் அகலத்துக்கு நட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "வேலியில போற ஓணான எடுத்து மடியில கட்டிக்கிட்டு, குத்துதே கொடையுதேன்னா?" என்றார். "உங்களக் கட்டிக்கிட்டத விடவா?" என்றேன். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்த மனுஷரோடு இத்தனை வருஷம் ஓட்டினேன்.

நட்டதோடு முடிந்ததா? இது வருஷா வருஷம் நின்று பூக்கிற செடி, முதலில் வேரைத்தான் பார்த்துக்கொள்ளும். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் லாலான் புல் புகுந்துவிட்டது. விட்டால் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். வெட்டினாலும் போகாது, வேரைத் துழாவிக் கையால்தான் எடுக்க வேண்டும். புல்லுக்குள் உட்கார்ந்து புல் பிடுங்கினேன். லயத்துப் பெண்கள் போகிறபோது நின்று, "அக்கா, எதைப் பிடுங்குறீங்க, எதை விடுறீங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பூச்செடி என்றால் கனகாம்பரம் எங்கே, மல்லிகை எங்கே என்பார்கள். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். ராத்திரி படுத்தால் விரலை மடக்க முடியாது.

தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தபோது செண்டுடுக் பூத்தது. ஒரு காலை பெரிய கருவண்டு ஒன்று வந்து பூவைக் கட்டிப் பிடித்து உறுமியது. அடேயப்பா, அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். பின்னாலேயே சின்னத் தேனீக்கள் வந்தன. புதுப் பூசணிக்கொடி அப்போதுதான் தலை தூக்கி ஓடிக்கொண்டிருந்தது.

பட்ட காலிலே படும் என்பது பொய்யில்லை. அந்த வாரமே குளிர்காய்ச்சல் என்னைத் தூக்கிப்போட்டது. மாட்டு வண்டியில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொய்னா மருந்துக் கசப்பும் நடுக்கமுமாகப் பல நாள். நினைவு வரும்போதெல்லாம் பூசணி மொட்டு விட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கிடந்தேன்.

திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கினேன். ஓரம் இல்லை. வெறும் மண். சுரண்டி, கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, அதன்மேல் அரிசிமாவில் கோலம் போட்டிருந்தது. எட்டுப் புள்ளிக் கோலம், நடுவில் தாமரை. லயத்துப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "பாவம், ஒடம்பு முடியாம எப்படித்தான் புல்லு மண்டிக் கெடந்துச்சோ! ஞாயித்துக்கெழம லீவு, எல்லாரும் வந்து ஒரே மூச்சுல முடிச்சிட்டோம்க்கா. இப்ப எப்படி இருக்கு?"

வாரம் ஆறு நாள் மண்டோருக்குப் புல் வெட்டுகிறவர்கள். ஏழாம் நாளும் சுரண்டியைத் தூக்கிக்கொண்டு எனக்காக வந்திருக்கிறார்கள். அவர்களை எந்த வாயால் ஏசுவது? "நல்லாருக்கு" என்றேன். நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனபின் இவரைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க இங்கதானே இருந்தீங்க? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? என் பொஞ்சாதி புல்லு நட்டு வளக்குறா, தொடாதீங்கன்னா?" அவர் தலையைத் தூக்கவில்லை. "மனசார வந்தவங்க. டீத்தண்ணி போட்டுக் குடுத்தேன். வெளக்கமாத்த எடுத்து நானும் கூட்டுனேன். கைக்கு வேலை கெடச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. குனிந்து பூவைத் தடவவும் தெம்பில்லை. பூசணி பூத்தது, வெம்பியது, உதிர்ந்தது. தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டிகூட இல்லாமல் அந்த நாள் போனது. மறுநாள் அவர் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தார். என் பேரைச் சேர்க்கவில்லை. நான் வரமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

சுரண்டி மேலே வெட்டியதுதானே, வேர் மண்ணுக்குள் இருந்தது. அடைமழையில் செண்டுடுக் அடியிலிருந்து நாலு நாலு கிளையாகத் துளிர்த்தது. நாயுருவி சீக்கிரமே நீலம் காட்டியது. மிச்சமிருந்த கொடி மழையில் மறுபடி ஓடிப் பூத்தது. கப்பல் நாள் நெருங்கிய ஒரு காலை இரண்டு பிஞ்சு உதிராமல் பச்சையாக நின்றதைப் பார்த்தேன். நான் கை வைக்காத பூக்கள் அவை. இழுக்காத குறையாக அவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

அவர் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "புடிச்சிருச்சு போல" என்றார்.

"அப்ப இருங்க. பேருதானே குடுத்தீங்க, உசுரையா குடுத்தீங்க?"

அவர் கோபப்படவில்லை. "வண்டுக்கு இங்க வேலை இருக்கு. ஒனக்கு வேலை இருக்கு. எனக்கு என்ன இருக்கு சொல்லு? நீ விக்கிறதத் தின்னுட்டு வாசல்ல குந்தியிருக்கணும். அங்க போனா ஒரு ஏரைப் புடிப்பேன்."

போர்ட் ஸ்வெட்டன்ஹம் துறைமுகத்துக்கு வழியனுப்பப் போனேன். கப்பலுக்குக் கொண்டுபோகும் படகுக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. அவர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திடீரென்று திரும்பி, "நீயும் வந்துரேன் புள்ள" என்றார்.

"எனக்கு அங்க யாரு இருக்கா?" என்றேன். எத்தனையோ தரம் சொன்ன அதே பதில். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

"நான் இருக்கேன்ல" என்றார்.

பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். அவர் முன்னால் போய்விட்டார்.

ரயிலேறிக் கிள்ளான் வந்து, சடக்கில் நடந்து, குடிசைக்கு வந்து படுத்தேன். விடியுமுன் பழக்கத்தில் எழுந்து கொடிக்குப் போனேன். பூசணி மலர்ந்திருந்தது. ஒவ்வொரு பூவிலும் தேனீ. உள்ளே போய்த் தூள் அப்பிக்கொண்டு வெளியே வந்து அடுத்ததற்குப் போயின. தடவுவதற்கு ஒரு பூகூட எனக்கு மிச்சமில்லை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றேன்.