குசினி மூலையிலை ஒரு ஆசுப்பத்திரி

முன்பள்ளியிலை பெற்றார் கூட்டம் எண்டு கூப்பிட்டினம். முரசுமோட்டை வயலுக்குப் பசளை எறியிற நேரம். என்ரை மனிசன் வரமாட்டன் எண்டிட்டார், நான்தான் போனனான். கிளிநொச்சி டவுனிலையிருந்து ஒரு அம்மா கசங்காத சீலையோடை வந்து, மைக்கைப் பிடிச்சுக்கொண்டு எங்களுக்குப் பாடம் எடுத்தா. "பிள்ளையளை எழுதச் சொல்லி அடிக்காதேங்கோ. வீட்டிலை கடை விளையாட விடுங்கோ, ஆசுப்பத்திரி விளையாட விடுங்கோ. விளையாட்டுக்குள்ளை எழுத்துத் தானா வரும்."

தானா வருமாம்! எழுத்தென்ன மூக்குச்சளியே தானா வர? பக்கத்திலை இருந்த மனிசிக்குக் கேக்கத்தக்கதாத்தான் சொன்னனான். அவா வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. எனக்கு அதிலை ஒரு புளுகம், பெருமை வேறை.

என்ரை கவலை எனக்கு. வாற தையிலை மகள் முதலாம் ஆண்டுக்குப் போகவேணும். முன்வீட்டுப் பெட்டை அகரம் தொடங்கி முழுக்க எழுதுறாள். எங்கடையவள் பென்சிலைக் கண்டாலே தண்ணி விடாய்க்குது எண்டு எழும்பி ஓடுவாள். மக்கெண்டு சொல்லி இவளை வகுப்பிலை கடைசி வாங்கிலை இருத்திப்போடுவினமோ எண்டு எனக்கு ஒரே பயம். அதாலை ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எண்டு சட்டம் போட்டனான். நான் அடுப்படியிலை நிண்டு கத்துவன், அவள் அழுவாள். பெரிய வாத்தியார் நான்! இதைத்தான் படிப்பிக்கிறது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.

கூட்டம் முடிஞ்சு ஒரு கிழமை இராது, அவள் எழுதுற கொப்பியைத் திறந்தால் நடுத்தாளெல்லாம் காணேல்லை. பாத்தால் குசினியிலை அடுப்புக்குப் பக்கத்து மூலையிலை அவள் ஆசுப்பத்திரி திறந்திருக்கிறாள். கிழிச்ச தாள்தான் நம்பர் துண்டு. நோயாளியள் ஆரெண்டு கேளுங்கோ: ஒரு பொம்மை, தேப்பன்ரை தொப்பி, துவாய் சுத்தின ஒரு தேங்காய். ஒவ்வொரு துண்டிலையும் என்னவோ கிறுக்கிக் குடுத்திட்டு, "கதைக்காமல் லைனிலை இருங்கோ" எண்டு அதட்டல் வேறை. விடியவெள்ளன ஆசுப்பத்திரிக்குப் போய் நாங்கள் வாங்கிக் கட்டினதெல்லாம் அந்தத் தேங்காய்க்கு விழுந்தது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "எழுதடி எண்டால் எழுதமாட்டாய், கொப்பியைக் கிழிக்க மட்டும் தெரியும்! உனக்கு அறிவிருக்கே, மூதேவி? பள்ளிக்கூடத்திலை எல்லாரும் உன்னைப் பாத்துச் சிரிக்கப்போகினம்!" தொண்டை வத்துமட்டும் ஏசினன். அவள் அழேல்லை. தேங்காயைத் தூக்கி மடியிலை வைச்சுக்கொண்டு அங்காலை திரும்பியிருந்தாள்.

கறியை இறக்கிப்போட்டு வந்து பாக்கிறன், டொக்டர் அம்மா பழையபடி வேலையிலை. கோவம் ஆறினாப் பிறகு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பகிடி பண்ணுவம் எண்டு பக்கத்திலை குந்தினன்.

"டொக்டர், இந்தத் தேங்காய்க்கு என்ன வருத்தம்?"

அவள் நிமிந்தும் பாக்கேல்லை. "துண்டிலை எழுதியிருக்கு, பாருங்கோ" எண்டாள்.

அந்தக் கிறுக்கலைப் பாத்து நல்லா நக்கலடிக்கலாம் எண்டுதான் துண்டை வாங்கினன். ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறி, கோணிக்கொண்டு நிண்டுது. ஆனால் எழுத்துத்தான், ஐயோ, எழுத்தேதான். ஒருத்தரும் கத்தாமல் அவள் எழுதின முதல் சொல்லு. எழுத்துக்கூட்டி வாசிச்சன்.

"அம்மா ஏச்சு."

நானும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, தேங்காய்க்குப் பின்னாலை லைனிலை இருந்தன்.